அப்டேட் முடிந்தது, பம்ப் சுற்றவில்லை

மீன் தொட்டிப் பம்பை ஓட்டும் கண்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடும் நிரல், அப்டேட் போட்டு அது பாதியில் நின்று, பம்பும் சுற்றாமல் போனால் முதலில் கண்ட்ரோலரைத் தொடாதீர்கள். தொட்டிக்குள் ஒரு ஏர் ஸ்டோனைப் போட்டுக் குமிழி வர விடுங்கள், மற்றதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் இதைச் செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனையும் கண்ட்ரோலரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர மீனைப் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்தார். "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள், என்னெண்டு வந்து பார்" என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக உள்ளே வரும், இந்தக் கதையில் அந்தக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. தொட்டி நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 255 லீட்டர், கல்லும் மணலும் போக 200க்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் நிற்கும். உள்ளே இருப்பவை வெளிநாட்டு மீன்கள் இல்லை. சிங்களத்தில் புலத் ஹப்பயா என்பார்கள், வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். ஆண் மீன் முட்டைக் காலத்தில் உடல் கறுத்து, முன்பக்கம் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவக்கும். கடைக்காரர்கள் பிளாக் ரூபி பார்ப் என்று விற்பது இதைத்தான். களனி கங்கையில் இருந்து தெற்கே நில்வளா கங்கை வரையுள்ள ஈரவலய ஓடைகள் தவிர உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக இல்லை. நிழலும் தெளிந்த தண்ணீரும் ஓட்டமும் உள்ள இடத்து மீன். அதனால்தான் என் தொட்டிக்கு நல்ல ஓட்டம் தரும் பம்ப் தேவைப்பட்டது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோலரும் தேவைப்பட்டது.

இந்தப் பம்ப் பழைய ஏசி பம்ப் மாதிரி இல்லை. ஏசி பம்பைச் சுவரில் செருகினால் சுற்றும், அவ்வளவுதான், அதில் அப்டேட் செய்ய ஒன்றுமே இல்லை. டிசி பம்பில் 24 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து கண்ட்ரோலர், கண்ட்ரோலரில் இருந்து பம்புக்கு மூன்று கம்பிகள். பம்புக்குள் பிரஷ் கிடையாது, சுருள்களும் காந்த ரோட்டரும் மட்டும்தான். எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பதைக் கண்ட்ரோலருக்குள் ஓடும் நிரல்தான் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை முடிவு செய்கிறது. ஆக, நிரல் நின்றால் பம்ப் நின்றது. மின்சாரச் செலவு குறைவு, சத்தம் இல்லை, வேகத்தை மாற்றலாம் என்பதற்காக நாம் விரும்பி வாங்கும் பொருளில் இந்த ஒரு பலவீனம் சேர்ந்தே வருகிறது.

அன்றைக்கு நடந்தது இது. புது ஃபர்ம்வேர் இருப்பதாகப் போனில் உள்ள செயலி காட்டியது. கரண்ட் போய் வந்த பிறகு பம்ப் ஒழுங்காகத் தொடங்காத பிழையைச் சரிசெய்திருப்பதாக எழுதியிருந்தார்கள், நமது ஊருக்குத் தேவையான விஷயம் என்று நினைத்து இரவு 9.40க்கு அழுத்தினேன். முன்னேற்றம் காட்டும் கோடு 100 சதவீதம் வரைக்கும் அழகாகப் போனது. பம்ப் நின்றது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு உதறல், நிறுத்தம். மறுபடி ஒரு உதறல், நிறுத்தம். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. செயலி முதலில் கருவியைக் காணவில்லை என்றது, கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தது, திறந்து பார்த்தால் பழைய வெர்ஷன் எண்ணே இருந்தது. சரி, அப்டேட் ஏறவில்லை என்று மறுபடி அழுத்தினேன். அதே கதை. நாலு தடவை அழுத்தினேன், நடுவில் இரண்டு தடவை விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே பிளக்கையும் பிடுங்கினேன். இதில் மிக ஆபத்தானது அந்தப் பிடுங்கல்தான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நமது ஊரில் தொட்டித் தண்ணீர் 28 பாகை செல்சியஸில் நிற்கும். 20 பாகை நன்னீர் ஒரு லீட்டரில் சுமார் 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும், 28 பாகையில் அது 7.8 அளவுதான், கடல்நீரில் இன்னும் குறைவு, சுமார் 6.4. சூடு கூடக் கூட மீனுக்கும் பக்டீரியாவுக்கும் ஒட்சிசன் தேவையும் கூடும். குளிர்நாட்டில் ஒருவர் "ராத்திரி முழுக்கப் பம்ப் ஓடவில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதுவதை நம்பி நாம் தூங்கப் போக முடியாது. ஓட்டத்தில் வாழும் மீன் இன்னும் சீக்கிரம் தவிக்கும். என்னிடம் பற்றரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று 2022ல் வாங்கியது கிடந்தது. அதைப் போட்டு இருபது நிமிடத்தில் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. ஒன்றும் சாகவில்லை. உங்களிடம் மூடிய கனிஸ்டர் ஃபில்டர் இருந்து அது பல மணி நேரம் நின்றிருந்தால், மறுபடி போடுவதற்கு முன் அதற்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒட்சிசன் தீர்ந்து, உள்ளிருந்த பக்டீரியா செத்து அழுகிய தண்ணீர் அது, அப்படியே தொட்டிக்குள் தள்ளினால் பம்ப் நின்றபோது பிழைத்த மீன் பம்ப் ஓடியபிறகு சாகும்.

இனிக் கண்ட்ரோலர். அப்டேட் என்று நாம் ஒரு சொல்லில் சொல்வது உள்ளே பல கட்ட வேலை. ஃபைல் வந்து சேர வேண்டும். அது முழுதாக, சரியாக வந்ததா என்று சரிபார்க்க வேண்டும். கரண்ட் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் எழுத வேண்டும். பிறகு பழையதை விட்டுப் புதியதில் இருந்து தொடங்க வேண்டும். கோடு 100 காட்டினால் இவற்றில் எது முடிந்தது? அது செயலியைப் பொறுத்தது. சிலவற்றில் போன் ஃபைலை புளூடூத் வழியாக அனுப்பி முடித்ததைத்தான் 100 என்று காட்டும், கண்ட்ரோலர் எழுதவே ஆரம்பித்திருக்காது. நூறைப் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று பிளக்கைக் கழற்றுகிறவர்கள் எழுத்து நடுவில் கழற்றுகிறார்கள். எனவே தோற்ற அப்டேட்டைப் பார்த்து "ஏன் ஏறவில்லை" என்று கேட்பதை விட "எந்தக் கட்டத்தில் நின்றது" என்று கேட்பது நல்லது. வெர்ஷன் எண், விளக்கின் நிறம், பம்பின் உதறல், இவை மூன்றும் பதில் சொல்லும். நான் அந்த இரவு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்கத்தான் இல்லை.

வைஃபை உள்ள மீன் தொட்டிக் கருவிகளுக்குள் இஎஸ்பி32 போன்ற சிப் இருப்பது சகஜம், எனக்கு வாய்த்ததும் அதுதான். ஒழுங்காக வடிவமைத்திருந்தால் அதன் மெமரியில் நிரலுக்கு இரண்டு அறைகள் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஓர் அறையில், புதியது வந்து மற்ற அறையில் எழுதப்படும். எழுதி முடிந்து சரிபார்த்த பிறகுதான் "அடுத்த முறை அந்த அறையில் இருந்து தொடங்கு" என்ற குறிப்பு மாற்றப்படும். எழுதும்போது கரண்ட் போனால் புதிய அறை பாழ், பழைய அறை அப்படியே இருக்கும். இது பெரிய பாதுகாப்பு. இன்னொன்றும் உண்டு: புதிய நிரல் முதல் தடவை தொடங்கும்போது பரீட்சைக்கு நிற்கிற மாதிரி. அது ஒழுங்காக ஓடி "நான் சரி" என்று தானே குறித்து வைக்க வேண்டும். அப்படிக் குறிப்பதற்கு முன் சிப் மறுபடி ரீசெட் ஆனால், விழித்ததும் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சின்ன நிரல் புதியதை ஒதுக்கிவிட்டுப் பழைய அறைக்கே திரும்பிவிடும்.

என் கண்ட்ரோலர் செய்தது அதைத்தான். ஃபைல் நாலு தடவையும் முழுதாக வந்தது, எழுதப்பட்டது, புதிய நிரல் தொடங்கியது, பம்பைச் சுற்றப் பார்த்தது, அந்தக் கணத்தில் ஏதோ நடந்து சிப் ரீசெட் ஆனது, பழையதற்குத் திரும்பியது. செயலி பழைய எண்ணைக் காட்டியது. ஏறவில்லை என்று நான் நினைத்தது தவறு, ஏறி இறங்கியிருக்கிறது. திரும்பி வந்த பழைய நிரலாலும் பம்பைச் சுற்ற முடியவில்லை என்பதுதான் முக்கியமான துப்பு. முதல் நாள் வரை மாதக்கணக்காக ஓடிய அதே நிரல், அதே பம்ப். அப்டேட்டில் பிழை என்றால் பழைய நிரல் ஏன் உதற வேண்டும்?

காலையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் செய்தேன். பம்பின் வயரைக் கண்ட்ரோலரில் இருந்து கழற்றிவிட்டு, பம்ப் இல்லாமல் அப்டேட் போட்டேன். முதல் தடவையிலேயே போனது, புது எண் வந்து நிலைத்து நின்றது. பம்ப் இல்லை என்று விளக்கு சிவப்பில் எச்சரித்தது, அது நியாயம். அப்படியானால் நிரல் நல்லது, வைஃபை நல்லது, சிப் நல்லது. பம்பை மாட்டினேன், மறுபடி உதறல். மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டர் வெறுமனே 24.1 வோல்ட் காட்டியது. கண்ட்ரோலரின் மூடியைத் திறந்து, பவர் உள்ளே வரும் இடத்தில் பிடித்துக்கொண்டு பம்பைத் தொடங்கினால் 11க்கு விழுந்து துடித்தது. அந்த 11 கூட மீட்டர் எடுக்கும் சராசரிதான், மீட்டரின் வேகத்துக்குப் பிடிபடாத பள்ளங்கள் அதற்கும் கீழே போயிருக்கும். சிப்புக்கு வரும் 3.3 வோல்ட்டும் கூடவே சரிய, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ரீசெட் ஆகியிருக்கிறது.

அதே நேரத்தில் அடாப்டர் பக்கம் அளந்தால் 24க்குப் பக்கத்திலேயே நின்றது. அடாப்டரில் குறை இல்லை, பிளக்குக்கும் சொக்கட்டுக்கும் நடுவில்தான் வோல்ட் காணாமல் போகிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் பழைய அடாப்டர் போனபோது புறக்கோட்டையில் 24 வோல்ட் 5 அம்பியரில் ஒன்று வாங்கிவந்தேன். வோல்ட் பார்த்தேன், அம்பியர் பார்த்தேன், பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா என்று பார்த்தேன், பிளக்கின் துளையைப் பார்க்கவில்லை. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் உள்ள இந்த உருண்டைப் பிளக்கில் இரண்டு ஜாதி உண்டு, உள்துளை 2.1 ஒன்று, 2.5 ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். 2.5 பிளக் 2.1 ஊசியில் தாராளமாகப் போகும், விளக்கும் எரியும், பம்பும் ஓடும், ஆனால் இறுக்கமாகப் பிடிக்காது. அதன் மேல் ஒன்றரை வருடக் கடல் காற்று. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் ஊசியின் ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது. பிளக் எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும், அதை நான் சாதாரணம் என்று விட்டிருந்தேன். சூடு என்றால் அந்த இடத்தில் தடை இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம்.

அப்படியானால் ஒன்றரை வருடம் எப்படி ஓடியது? இதுதான் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. பதில் 2022ல் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதற்குப் பிறகு தொட்டிக்கு என்று ஓர் இன்வர்ட்டரும் பற்றரியும் வைத்தேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனபோது கூட என் பம்ப் நிற்கவில்லை, அதைப் பெருமையாகப் பலருக்குச் சொன்னேன். நிற்கவில்லை என்றால் மறுபடி தொடங்கவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் பாதி வேகத்தில் ஓர் அம்பியருக்கும் குறைவாக எடுக்கும், தளர்ந்த பிளக் அதைத் தாங்கும். நின்ற ரோட்டரைக் கிளப்ப நிறைய வேண்டும், என் மாடல் தொடங்கும்போது சில விநாடி முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் குறையும். ஃபர்ம்வேர் அப்டேட் செய்த ஒரே கெடுதல், நெடுநாளாக நிற்காத ஒன்றை நிறுத்தித் தொடங்கச் சொன்னதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "அப்டேட் போட்டேன், பம்ப் செத்தது" என்று சொல்லிப் புது கண்ட்ரோலருக்குப் பணம் கட்டும் நிறையப் பேருக்கு நடந்தது அப்டேட்டின் தோல்வி அல்ல, தொடக்கத்தின் தோல்வி. பிளக் மட்டும் இல்லை. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்திருந்தால், ஒரு சின்ன நத்தை உள்ளே மாட்டியிருந்தால், பாசி சுற்றியிருந்தால், ஓடும் வரை ஓடும், நின்றால் கிளம்பாது. கண்ட்ரோலர் சில தடவை முயன்று பார்த்துவிட்டுப் பிழை விளக்கைப் போடும், நாம் ஃபர்ம்வேரைத் திட்டுவோம். பம்பைக் கழற்றி இம்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தத்தின் பிடிப்பு தட்டித் தட்டித் தெரிய வேண்டும், உரசல் இருக்கக் கூடாது. உரசினால் வெள்ளை வினாகிரியில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும். பம்பை மாட்டிச் சோதிப்பதற்கு முன் பம்ப் இல்லாமல் அப்டேட் போட்டுப் பார்ப்பதை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம். எனக்கு இந்த முழு விவகாரத்திலும் கிடைத்த மிக உபயோகமான சோதனை அதுதான், செலவும் ஒன்றும் இல்லை.

எல்லாத் தோல்வியும் இந்த வகை இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிநேகிதன் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான், இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு மாலை எடுத்தான். "மச்சான், அப்டேட் போட்டன், பம்ப் அசையுதே இல்லை." வயரைக் கழட்டாதை, என்ன தெரியுது எண்டு சொல்லு என்றேன். செயலியில் கருவி இருக்கிறது, நேரம் சரி, வேகத்தைக் கூட்டினால் எண் கூடுகிறது, பம்பில் ஓர் உதறல் கூட இல்லை. இது வேறு. அவனுடைய பெட்டிக்குள் இரண்டு சிப், ஒன்று வைஃபையும் செயலியும் பேச, இன்னொன்று மோட்டரை ஓட்ட. அப்டேட் முதலில் வைஃபை சிப்புக்கு ஏறும், பிறகு அது தன் கையில் உள்ள மோட்டர் நிரலை மற்றச் சிப்புக்குத் தள்ளும். இவன் கோடு நூறைத் தொட்டதும் நல்ல எண்ணத்தில் பிளக்கைக் கழற்றி மாட்டியிருக்கிறான். மோட்டர் சிப்பில் பழையது அழிக்கப்பட்டுவிட்டது, புதியது பாதி. சின்னச் சிப்களில் இரண்டு அறை வைக்க இடம் இருப்பதில்லை, அதனால் திரும்பிப் போக ஒன்றும் இல்லை, பூட்லோடரில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செயலியில் விவரப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன், மோட்டர் வெர்ஷன் என்ற இடத்தில் வெறும் சைபர்கள். மறுபடி அதே அப்டேட்டை அனுப்பி இருபது நிமிடம் யாரும் தொடாமல் விடச் சொன்னேன். பதினோராவது நிமிடத்தில் பம்ப் தானாகக் கிளம்பியது. அவன் அதற்குள் புதுசுக்கு விலை கேட்டு வைத்திருந்தான்.

வைஃபையால் தோற்பவை வேறொரு கூட்டம், அவற்றில் ஃபைலே வந்து சேராது. இந்தச் சிப்களில் மிகப் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும், வீட்டு ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் கொடுத்தால் போன் அங்கே, கண்ட்ரோலர் இங்கே என்று சில செயலிகள் குழம்பும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு ரவுட்டர், அதற்கு அப்பால் இன்னொன்று, 2.4ல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். போதாததற்குக் கண்ட்ரோலரைத் தொட்டியின் கீழ் அலுமாரிக்குள் வைக்கிறோம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும், நடுவில் 200 லீட்டர் நிற்கிறது. அப்டேட் போடும் அரை மணி நேரத்துக்கு ரவுட்டரைப் பக்கத்தில் கொண்டுவரலாம், அல்லது இன்னொரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டு அதை 2.4ல் நிறுத்தலாம். கண்ட்ரோலரே தன் பெயரில் ஒரு வைஃபை விடும் வகை என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், விபிஎன் இருந்தால் அதையும். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நடுவில் அப்டேட் அறுந்துபோகும். ஐபோனில் உள் வலையமைப்பு அனுமதியைக் கொடுக்காமல் விட்டாலும் இப்படித்தான்.

இன்னொரு நுணுக்கமான தோல்வி, நேரம். கண்ட்ரோலர் தானே இணையத்தில் இருந்து ஃபைலை இறக்கும் வகை என்றால் அனுப்பும் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். அதற்குச் சரியான தேதி வேண்டும். கடிகாரப் பற்றரி இல்லாத கருவி விழித்தெழும்போது தேதி 1970 என்று நினைக்கும், இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். ரவுட்டர் அந்த நேரக் கேள்வியை மறித்தால் சான்றிதழ் செல்லாது என்று நிராகரித்துவிடும். செயலியில் வருவதோ வெறும் "தோல்வி". ஹொட்ஸ்பொட்டில் போட்டால் போகிறது, வீட்டு வைஃபையில் போகவில்லை என்றால் இதையும் சந்தேகியுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் எழும்பாவிட்டால் பெட்டியைத் திறந்து, கணினியில் இருந்து சீரியல் கம்பிகள் வழியாகச் சிப்போடு நேராகப் பேசலாம். உத்தரவாதம் இருந்தால் திறக்காதீர்கள், அனுப்பிவையுங்கள். ஆனால் கொழும்பில் நம்மில் பலருடைய கண்ட்ரோலர் லண்டனில் இருந்தோ டொரொண்டோவில் இருந்தோ சூட்கேசில் வந்தது, அதை யாரிடம் அனுப்ப? போர்டில் நாலைந்து துளைகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் வழி: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது). சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் போதும், விலை அதிகம் இல்லை. அது 3.3 வோல்ட்டில் பேசுகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள், 5 வோல்ட் கொடுத்தால் நல்ல சிப்பையும் நாமே கொன்றுவிடுவோம். ஈரக் கையோடு, தொட்டிக்கு மேலே வைத்து இந்த வேலை வேண்டாம். வேகம் 115200 என்று வைத்துக் கேட்டால் சிப் தன் கதையைத் தானே சொல்லும். பிரவுன் அவுட், அதாவது வோல்ட் சரிந்தது, என்று திரும்பத் திரும்ப எழுதினால் குறை பவரில். தலைப்பு செல்லாது (invalid header) என்று எழுதி F எழுத்துகளாகக் கொட்டினால் மெமரி அந்த இடத்தில் வெறுமையாக இருக்கிறது. ஒரு வரியுமே வரவில்லை என்றால் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எல்லோரும் முதல் தடவை மாற்றித்தான் போடுகிறோம்.

எழுதுவதற்கு முன் படித்து வையுங்கள். ஜிபிஐஓ0 முள்ளைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்துத் தொடங்கினால் இஎஸ்பி32 நிரல் ஏற்றும் நிலைக்குப் போகும், இஎஸ்பிடூல் என்ற கணினி நிரலைக் கொண்டு 4 மெகாபைட் மெமரியை முழுதாகப் படித்து எடுக்க 115200 வேகத்தில் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகும். அந்தப் பிரதி உங்கள் கருவியின் உயிர். அதில் நிரல் மட்டும் இல்லை, இந்தப் பெட்டிக்கே உரிய தொடர் எண்ணும் மோட்டர் அளவீடுகளும் இருக்கலாம். இதே காரணத்தால் இன்னொருவர் கண்ட்ரோலரில் எடுத்த பிரதியை உங்களுடையதில் ஏற்றாதீர்கள், ஓடினாலும் இரண்டு பெட்டிக்கும் ஒரே அடையாளம் ஆகிவிடும். படிக்கும்போது புரியாத குப்பையாக வந்தால் மெமரி மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அங்கே நம் வேலை முடிந்தது. மோட்டர் சிப் எஸ்டிஎம்32 என்ற வகையாக இருந்து படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், "பூட்டை எடுத்துவிட்டுப் பார்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் நிலைப் பூட்டை எடுக்கும் கணத்தில் சிப் தன் நிரல் முழுவதையும் அழித்துக்கொள்ளும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்குத் தயாரிப்பாளரின் ஃபைல் கையில் இல்லாமல் அந்தக் கதவைத் திறந்தால் மூட முடியாது. நன்றாகச் சாலிடர் பிடிக்கும் ஒரு பையன் ஆசையில் இப்படிச் செய்து ஒரு நல்ல பெட்டி வெறும் பெட்டி ஆனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவன் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் இப்போது எப்படி அப்டேட் போடுகிறேன் என்றும் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில்தான், முழு நாளும் வீட்டில் இருக்கும்போது. ஏர் பம்ப் முதலில் ஓடும். பிறகு கண்ட்ரோலரை வேண்டுமென்றே நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, தொடங்குகிறதா என்று பார்க்கிறேன். அதுவே தொடங்கத் திணறினால் அப்டேட்டுக்கு அன்று லீவு, பிளக்கும் இம்பெல்லரும்தான் வேலை. செயலியில் உள்ள வேகம், நேர அட்டவணை எல்லாவற்றையும் ஸ்கிரீன் படம் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அப்டேட் வெற்றியாக முடிந்து எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. பாதி வேகத்தில் ஓடிய பம்ப் திடீரென்று முழு வேகத்தில் ஓடினால் மணல் கிளம்பும், சம்ப், அதாவது கீழே தனி வடிகட்டித் தொட்டி, வைத்திருப்பவர்களுக்குத் தரையே நனையும். முடிந்த பிறகு இருபது நிமிடம் தொடுவதில்லை. அதற்குப் பிறகும் ஒரு தடவை நிறுத்தித் தொடங்கிப் பார்க்கிறேன், இப்போது இதை மாதம் ஒரு தடவை அப்டேட் இல்லாவிட்டாலும் செய்கிறேன். இரவில் மட்டும் போடவே மாட்டேன், யாழ்ப்பாணம் போவதற்கு முதல் நாளும் மாட்டேன்.

என் பிளக்குக்கு வருகிறேன். 2.1 துளையுள்ள நல்ல பிளக் ஒன்றை வாங்கி அடாப்டர் வயரில் வைத்துச் சாலிடர் செய்தேன், சொக்கட்டின் ஊசியைக் கொண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தேன். பம்பைத் தொடங்கும் கணத்தில் கண்ட்ரோலர் பக்கம் இப்போது 23.6க்குக் கீழே இறங்குவதில்லை. பிளக் சூடாகவும் இல்லை. ஆண் புலத் ஹப்பயா இரண்டு இந்த வாரம் கறுத்துச் சிவந்து ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன, அம்மா காலைத் தேநீரோடு அங்கேதான் நிற்கிறார். மூன்றாம் மாடி மாமியின் தொட்டியிலும் அதே மாதிரி அடாப்டர்தான், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், "கொஞ்சம் சூடாத்தான் கிடக்குது தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாலிடரிங் அயனோடு மேலே போகிறேன்.